காப்புச் சோறும் மிளகாய் ஜெல்லியும்

மிளகாயைச் சர்க்கரையோடு காய்ச்சி ஜெல்லியாக உறைய வைக்கலாம் என்று தனப்பிரியா முதலில் சொன்னபோது, "அப்படியே உப்புக்கல்லுல அல்வாவும் கிண்டிரு" என்றான் அவள் கணவன் ஜெகதீஸ்வரன். அதெல்லாம் பழைய கதை. இப்போது மல்லசமுத்திரத்தை ஒட்டிய அவர்கள் தோட்டத்து வீட்டில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் செக்கச்செவேலென்று ஒரு பாட்டில் எப்போதும் நிற்கும். காலையில் தோசைக்கு அதுதான் சட்னி. அவித்த முட்டையை இரண்டாக வகுந்து மேலே ஒரு சொட்டு வைத்தால் மகள் நித்யஸ்ரீ மிச்சம் வைக்காமல் தின்றுவிடுவாள். சப்பாத்திக்குள் தடவிச் சுருட்டினால் பள்ளிக்கூட டப்பா காலியாகத் திரும்பி வரும். கோழியை வறுத்து இறக்கும் நேரத்தில் ஒரு கரண்டி விட்டுப் புரட்டினால் துண்டுகள் மினுமினுக்கும். வெயிலில் வருகிறவர்களுக்கு எலுமிச்சைச் சோடாவில் ஒரு ஸ்பூன் கலக்கிக் கொடுப்பாள். முதல் வாய் இனிக்கும், தொண்டையில் இறங்கும்போது சுருக்கென்று உறைக்கும். குடித்தவர்கள் டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதென்னம்மணி இது?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்காகவே அவள் காத்திருப்பாள்.

ஏனென்றால் அவளுக்குச் செய்வதைவிட விளக்குவது பிடிக்கும். அரைப்பழமாக இருக்கும் கொய்யாவை நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரை வடிகட்ட வேண்டும். கொய்யாவுக்குள் பெக்டின் என்று ஒரு பசை இருக்கிறது. காயைக் காயாகக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பது அதுதான். பழுக்கப் பழுக்க அது இளகுவதால்தான் பழம் மெத்தென்று ஆகிறது. கொதிக்கும்போது அந்தப் பசை தண்ணீரில் இறங்கிவிடும். மறுபடி அதை உறைய வைக்க இரண்டு பேர் துணை வேண்டும். ஒருவர் சர்க்கரை, இன்னொருவர் எலுமிச்சைப் புளிப்பு. சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். புளிப்பு, பசையின் இழைகள் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளும். அப்போது இழைகள் கைகோத்து வலை பின்னும். பழுத்த மிளகாயின் சிவப்பும் உறைப்பும் அந்த வலைக்குள் மாட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். பதம் வந்துவிட்டதா என்று பார்க்கக் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ள வேண்டும். மேலே சுருக்கம் விழுந்தால் அடுப்பை அணைத்துவிடலாம்.

இதை அவள் பால்காரரிடம் சொல்லியிருக்கிறாள். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரிடம் சொல்லியிருக்கிறாள். ஜெகதீஸ்வரனின் அக்கா அமுதவல்லியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "நீ சொல்றதக் கேட்டுட்டே இருக்கலாம் புள்ள, ஆனா சோறு ஆறிப்போகுது" என்று அமுதவல்லி சிரிப்பாள்.

அமுதவல்லியைக் கட்டிக் கொடுத்தது பள்ளிபாளையத்தில். அவள் கணவர் வெங்கடாசலம் போர்வெல் ரிக் லாரியோடு வடக்கே போயிருந்தபோது குழாய் சரிந்து இடுப்பில் விழுந்தது. எழுந்து நடப்பாரா என்று டாக்டர்களே கைவிரித்த நேரத்தில், பிறந்த ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டித் தணலில் இறங்கிப் பூ மிதிப்பதாக அமுதவல்லி நேர்ந்துகொண்டாள். இப்போது அவர் கைத்தடி இல்லாமல் டீக்கடை வரைக்கும் போய் வருகிறார். அதனால் இந்தப் பங்குனியில் கோயிலில் கம்பம் நட்டுத் திருவிழா தொடங்கிய அன்றே அவள் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியாயிற்று.

காப்புக் கட்டினால் அந்த ஊரில் சில கட்டுப்பாடுகள் உண்டு. கவுச்சி வாடையே ஆகாது. அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். இங்கே தாளிப்பும் கூடாது. அம்மன் வெப்பத்தோடு வந்து ஊருக்குள் இருக்கிற நாளில் கடுகு வெடிக்க, எண்ணெய் காய விடக்கூடாது என்பது வழக்கம். உறைப்புக்குத் தடையில்லை. இன்னொன்றும் உண்டு. பிறந்த வீட்டுக்கு வந்து காப்புக் கட்டிய பெண் வெளியே எங்கேயும் கை நனைக்க மாட்டாள். தம்பி பொண்டாட்டி ஆக்கிப் போடுவதை மட்டும்தான் தின்பாள். அதற்குக் காப்புச் சோறு என்று பேர். அவள் விரதத்தில் பாதி, ஆக்கிப் போடுகிறவளின் கையில்.

தாளிக்காத சோற்றை நாள் கணக்கில் தின்பது லேசில்லை. உப்புப் பருப்பு, தயிர்ச்சோறு, மோர். நாக்கு மரத்துப் போகும். தனப்பிரியாவுக்கு உடனே ஜெல்லிதான் நினைவுக்கு வந்தது. மிளகாய், சர்க்கரை, எலுமிச்சை, கொய்யா. எண்ணெய் இல்லை, கடுகு இல்லை. விரதத்துக்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஆனால் வீட்டில் பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அரைப்பழக் கொய்யா சந்தையில் கிடைக்கவில்லை. பெக்டின் பொடியாகக் கிடைக்கும் என்று தெரிந்து சேலத்தில் பேக்கரிச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனாள்.

"பெக்டின் ஸ்டாக் இல்லைங்க மேடம். இது இருக்குது, இதும் அதே வேலையத்தான் செய்யும்" என்று கடைக்காரர் பெரிய டப்பாவிலிருந்து வெளிர்மஞ்சள் பொடியை அள்ளி ஒரு கவரில் கட்டிக் கொடுத்தார்.

இது எதிலிருந்து எடுப்பது என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடையில் கூட்டம் ஒன்றும் அதிகமில்லை. எல்லாம் தெரிந்தவள் மாதிரி, "ஆமாங்க, கடல்பாசி வகை" என்று அவளே சொல்லிக்கொண்டாள். கடைக்காரர் மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. அடுத்த ஆளுக்குச் சாமான் நிறுக்கப் போய்விட்டார்.

அந்தப் பொடியில் ஜெல்லி அழகாக உறைந்தது. முதல் நாள் தயிர்ச்சோற்றோடு தின்ற அமுதவல்லி கண்ணை மூடிக்கொண்டாள்.

"போன தடவையவிட இது நல்லா இருக்குது பிரியா. நாக்குல வெச்சதும் கரையுது."

"அதுங்க நங்கையா, இந்தத் தடவை சக்கரையக் கொஞ்சம் கம்மி பண்ணியிருக்கறனுங்க. சக்கரை கம்மியானா வலை எளகலா விழுகும்" என்றாள் தனப்பிரியா. கணவனின் அக்காளை அந்தப் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

மத்தியானம் அலமாரியில் இருந்த பாட்டில் தண்ணியாகத் தளும்பியது. அதற்கும் அவளிடம் விளக்கம் இருந்தது. "பங்குனி வெயிலுங்க" என்று சொல்லி ஃபிரிட்ஜுக்குள் வைத்தாள். போன பங்குனியில் அதே அலமாரியில் பாட்டில் அசையாமல் நின்றதை அவள் நினைக்கவில்லை. தெரியாதவர்கள் ஒரு விஷயத்தைப் பார்த்தால் ஏன் என்று யோசிப்பார்கள். காரணத்தைக் கையில் தயாராக வைத்திருக்கிறவர்களுக்கு அந்த வேலையே இல்லை.

பூ மிதிக்கு முந்தின நாள் காலை இட்லி ஊற்றியிருந்தாள். நித்யஸ்ரீ ஆவி பறக்கும் இட்லியின் மேல் ஒரு ஸ்பூன் ஜெல்லியை வைத்தாள். வைத்த இடத்தில் அது நிற்கவில்லை. ஒரு நொடி பளபளத்துவிட்டு, சிவப்புத் தண்ணீராக இட்லியைச் சுற்றி வழிந்தது.

"அம்மா, ஜெல்லி ஒண்ணுக்கு இருந்துருச்சு" என்றாள் நித்யஸ்ரீ.

"சாப்பிடற எடத்துல என்ன பேச்சு பேசறா பாரு" என்றான் ஜெகதீஸ்வரன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

தனப்பிரியா சிரிக்கவில்லை. அவள் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெக்டின் வலை இட்லிச் சூட்டுக்குப் பிரியாது. ஓரம் கொஞ்சம் இளகி, மெருகு போட்ட மாதிரி மேலேயே உட்கார்ந்திருக்கும். கடல்பாசியாக இருந்தாலோ கிட்டத்தட்டக் கொதிக்கிற தண்ணீரில்தான் கரையும். உடம்புச் சூட்டுக்கே அவிழ்ந்து விடுகிற வலை ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்து உண்டு. நாக்கில் வைத்ததும் கரையுது என்று நங்கையா சொன்னது அப்போதுதான் அவள் காதில் விழுந்த மாதிரி இருந்தது.

அடுக்களைக்குள் போய், பழைய பாட்டிலின் அடியிலிருந்து ஒரு துளியும் புதியதிலிருந்து ஒரு துளியும் எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். பழையது நின்றது. புதியது ரேகைகளுக்குள் ஓடியது.

கொல்லைப்பக்கம் போய்க் கடைக்குப் போன் போட்டாள்.

"அது ஜெலட்டின்ங்க மேடம். எல்லாப் பேக்கரிக்காரங்களும் வாங்கறதுதான்."

"அது எதுல இருந்துங்க எடுக்கறது?"

"எலும்பு, தோலு, அதுகள வேகவெச்சு எடுப்பாங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சனுங்க. அன்னிக்கு என்னமோ பேரெல்லாம் சொன்னீங்க."

அவள் போனை வைத்தாள். உள்ளங்கை பிசுபிசுத்தது. முந்தானையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

உள்ளே போனதும் சொல்லியிருக்க வேண்டும். அமுதவல்லி ஈரத் தலையை விரித்துவிட்டு, விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. "நங்கையா" என்று கூப்பிட்டாள் தனப்பிரியா. அவள் திரும்பிப் பார்த்ததும் வாயில் வேறு பேச்சு வந்தது.

"அந்த ஜெல்லி கெட்டுப்போச்சுங்க. வெயிலுக்குப் புளிச்சுப் போச்சு. இனி அதத் தொடாதீங்க."

"அடடா. போகுது உடு. தயிர்ச்சோறு நம்மள ஒண்ணுஞ் செய்யாது" என்றாள் அமுதவல்லி.

தனப்பிரியா பாட்டில்களைத் தென்னை மரத்தடியில் கவிழ்த்தாள். எறும்புகள் வந்தன. அதோடு முடிந்துவிட்டது என்று நினைக்கப் பார்த்தாள். தெரியாமல் தின்றதற்கு என்ன தோஷம்? அறிவியல்படி பார்த்தால் நெருப்புக்கு ஜெலட்டின் தெரியுமா? தணல்மேல் சாம்பல் படிந்திருக்கும், கால் படுகிற நேரம் குறைவு, மரக்கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். இதையெல்லாம் அவள் போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு விளக்கியிருக்கிறாள். இப்போது அந்த விளக்கம் எதுவும் அவளுக்கே உதவவில்லை. கால் சுடுமா சுடாதா என்பது இங்கே கணக்கே இல்லை. அமுதவல்லி தன் விரதத்தை நம்பி அவள் கையில் கொடுத்திருந்தாள். அதற்குள் அவள் எலும்பைக் கரைத்து ஊற்றியிருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் வாசலில் சின்னாயியின் குரல் கேட்டது. ரெண்டு வீடு தள்ளி இருப்பவள். அவள் கையிலும் காப்பு.

"அமுதா, அந்த மொளகா ஜெல்லி இன்னங் கொஞ்சம் இருக்குமா? என்ற மருமக மலர்விழியும் காப்புக் கட்டியிருக்கறா. வெறும் மோரக் குடிச்சுக் குடிச்சு அவளுக்கு வாந்தி. நீ குடுத்தத மோர்ல கரைச்சுக் குடுத்தேன், கடகடன்னு குடிச்சுட்டா."

தனப்பிரியாவின் கை தண்ணீர்க் குடத்தின் விளிம்பில் நின்றது.

"கெட்டுப்போச்சாமா அக்கா. உங்களது எப்படி இருக்குது?" என்றாள் அமுதவல்லி.

"எங்களது நல்லாத்தான் இருந்துச்சு. வழிச்சு நக்கிட்டோம்" என்று சிரித்துவிட்டுச் சின்னாயி போனாள். போகும்போது தனப்பிரியாவைப் பார்த்து, "உன்ற கைக்கு வளையல் போடோணுஞ் சாமி" என்றாள்.

அமுதவல்லி உள்ளே வந்தாள். "என்ன புள்ள, பேயடிச்சாப்ல நிக்கற?"

"நங்கையா, நான் ஒண்ணு சொல்லோணுங்க." தனப்பிரியா குடத்தைக் கீழே வைத்தாள். "அந்த ஜெல்லிங்க... பெக்டின்னு நாஞ் சொல்லுவன்ல்லங்க, கொய்யாவுல இருக்கறது. அது கெடைக்கலீங்க. அதுக்குப் பதிலாக் கடையில ஒரு பொடி குடுத்தாங்க. பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான் வலை பின்னும். ஆனா அது எப்படின்னா..."

"பிரியா."

"இல்லைங்க, சூடு பட்டாத்தான் அது..."

"வெளக்கம் வேண்டாம். என்ன கலந்துருந்துச்சு? அத மட்டுஞ் சொல்லு."

அடுக்களையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"எலும்புங்க."

அமுதவல்லி பக்கத்தில் இருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். "எதோட எலும்பு?"

"தெரியலைங்க நங்கையா. எனக்கு அப்பத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது."

"எப்பத் தெரிஞ்சுது?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு அது. அவளுக்கே அது தெரிந்தது. "காலைலங்க. பாப்பா இட்லி தின்னப்ப."

"காலைல கெட்டுப்போச்சுன்னு சொன்ன."

"ஆமாங்க."

"வாங்கினப்பத் தெரியல, செரி. செய்யறப்பத் தெரியல, செரி. காலைல இருந்து இந்நேரம் வரைக்கும் எம்மூஞ்சியப் பாத்துட்டே சுத்தி வந்திருக்கற." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "சின்னாயி அக்கா வல்லைன்னா நாளைக்கு அப்படியே என்னயக் குண்டத்துல எறக்கி உட்டிருப்ப."

இல்லை என்று சொல்லத்தான் தனப்பிரியா வாயைத் திறந்தாள். தன்னைப் பற்றி அவளுக்கு அது உறுதியாகத் தெரியவில்லை. கன்னம் எரிந்தது. யாராவது அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அமுதவல்லி எழுந்து சேலையை உதறினாள். "நான் பூசாரியப் பாத்துட்டு வாரேன். நீ சின்னாயி அக்கா ஊட்டுக்குப் போ. மாமியாருகிட்டயும் மருமககிட்டயும் உன்ற வாயால சொல்லு. நாஞ் சொல்ல மாட்டேன்."

"நீங்க கூட வாங்க நங்கையா."

"நான் வல்ல, நீ போ."

ரெண்டு வீடுதான் தூரம். அவள் அத்தனை மெதுவாக அந்தத் தெருவில் நடந்ததே இல்லை. சின்னாயி வாசலில் கோலமாவு சலித்துக்கொண்டிருந்தாள். மலர்விழி பாய் விரித்துப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து, "வாங்கக்கா, ஜெல்லி கொண்டாந்தீங்களா?" என்றாள். தனப்பிரியா நின்றபடியே சொன்னாள். கவுச்சி கலந்திருந்தது, எனக்குத் தெரியாது, காலையில் தெரிந்தது, இப்போதுதான் சொல்கிறேன். அவ்வளவுதான். சொல்லி முடிக்க அத்தனை கொஞ்சம் வார்த்தைதான் தேவைப்பட்டது.

மலர்விழி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். அவள் குமட்டும் சத்தம் கேட்டது. சின்னாயி சல்லடையைத் தட்டி ஓரமாக வைத்தாள்.

"படிச்ச புள்ள" என்றாள். வளையல் போட வேண்டும் என்று சொன்ன அதே வாய்தான்.

பூசாரி பெரிதாக எதுவும் கேட்கவில்லையாம். அறியாமல் போனதற்கு ஆத்தா கோவித்துக்கொள்ள மாட்டாள், மூன்று பேரும் பழைய கயிற்றை அறுத்துத் தண்ணீரில் விட்டுவிட்டு, கிணற்றில் தலை முழுகி, புதுக் காப்புக் கட்டிக்கொள்ளட்டும், அதுவரை பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம், பூ மிதிக்கிறபோது எல்லோருக்கும் கடைசியாக இறங்கட்டும் என்று சொல்லியிருந்தார். இதை ஜெகதீஸ்வரன்தான் வந்து சொன்னான். அவன் அவளைத் திட்டவில்லை. சாப்பாட்டை அவனே போட்டுக்கொண்டு தின்றான். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் காலையில் கோயில் முன்னால் குண்டம் செந்தணலாகக் கிடந்தது. பம்பை மேளம் முழங்கியது. காப்புக் கட்டியவர்கள் மஞ்சள் சேலையும் வேட்டியுமாக வரிசையில் நின்றார்கள். வயதில் மூத்தவர்கள் முன்னால் நிற்பதுதான் அந்த ஊர் முறை. சின்னாயி முன்வரிசையில் நிற்க வேண்டியவள். சின்னப் பையன்களுக்கும் பின்னால் வாலில் அவள் நிற்பதைப் பார்த்து ஒருத்தி காரணம் கேட்க, இன்னொருத்தி காதோடு சொன்னாள். சொன்னவளும் கேட்டவளும் ஒரே நேரத்தில் தனப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நித்யஸ்ரீயின் பின்னலைச் சரி பண்ணுகிறவள் மாதிரி குனிந்துகொண்டாள்.

"உள்ளூரு பொம்பளைங்கள ஏன் கடேசியில நிறுத்தியிருக்கறாங்க?" என்று முன்னால் நின்ற ஒருவர், வரிசையில் இருந்த அமுதவல்லியிடமே கேட்டார்.

"நாக்க அடக்கத் தெரியலைங்கண்ணா. கண்டதத் தின்னுட்டேன்" என்றாள் அமுதவல்லி. "அதான் மறுக்காக் கட்டிக்கிட்டோம்."

பழியைத் தன் நாக்கின்மேல் போட்டுக்கொண்டு அவள் நேராகப் பார்த்து நின்றாள். தனப்பிரியாவுக்குத் தரையைப் பார்க்கக்கூடக் கூச்சமாக இருந்தது.

ஒவ்வொருவராக இறங்கி ஏறினார்கள். குண்டத்தின் மறு முனையில் அந்தந்த வீட்டுப் பெண்கள் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு காத்திருப்பார்கள், ஏறி வருகிறவர்களின் காலில் ஊற்றுவதற்கு. தனப்பிரியாவும் செம்பு கொண்டு வந்திருந்தாள். ஆனால் முன்னால் போகவில்லை. மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். மலர்விழி ஏறி வந்தாள். அவள் அம்மா ஊற்றினாள். சின்னாயி ஏறி வந்தாள். அவளுக்கும் மலர்விழியின் அம்மாவே ஊற்றினாள்.

கடைசியில் அமுதவல்லி. அவள் ஓடவில்லை. வேப்பிலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வயலில் வரப்பு தாண்டுகிறவள் மாதிரி நடந்து வந்தாள். மறுகரையில் ஏறியதும் மூச்சு வாங்க நின்றாள். மலர்விழியின் அம்மா செம்பை நீட்டினாள். "ஊத்தறனுங்க, கால நீட்டுங்க."

"வேண்டாங்க. எங்கூட்டுல ஆளு வந்திருக்குது" என்றாள் அமுதவல்லி.

முதுகுகள் விலகின. தனப்பிரியா முன்னால் வந்தாள். குனிந்து ஊற்றினாள். பாதித் தண்ணீர் மண்ணில் விழுந்தது. சாம்பல் கரைந்து ஓடியது. பாதம் சுட்டிருக்கிறதா என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை. அமுதவல்லி ஒரு காலை எடுத்துவிட்டு மறுகாலை வைத்தாள்.

செம்பு காலியானது.

"இன்னங் கொஞ்சம்" என்றாள் அமுதவல்லி.

தனப்பிரியா மஞ்சள் தண்ணீர் அண்டாவில் செம்பை முக்கி எடுக்க ஓடினாள்.